எங்கள் டீமில் அவனும் ஒருவன்!

பிள்ளைகளுக்கு ஜுரம், பேதி, அம்மை என்றால் நம் வீடுகளில் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பாட்டி ஒரு கஷாயம் சொல்வார். பக்கத்து வீட்டு அக்கா கைராசியான டாக்டர் பெயரைச் சொல்வாள். ஆனால், வாயில் நுழையாத பெயருள்ள ஓர் அபூர்வ வியாதி ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால், அந்த வீட்டைச் சுற்றி ஒரு மௌனம் விழுந்து விடுகிறது. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் உறவும் ஒதுங்கும், தெருவும் ஒதுங்கும். கடைசியில் அந்தத் தாய் தனியாளாகி நிற்பாள்.

அப்படி நின்ற ஒரு தாயின் வாசலுக்கு எங்கள் ஊரில் முதலில் போய் நின்றவர்கள், மட்டையும் கையுமாகத் திரிகிற பள்ளிக்கூடத்து ஹாக்கிப் பையன்கள்தான். அவர்கள் செய்ததில் எது நன்றாக அமைந்தது, எது இடறியது, அதிலிருந்து தாய்மார்களாகிய நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் கோவில்பட்டி. வெளியூர்க்காரர்களுக்குக் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும்தான் ஞாபகத்துக்கு வரும். கடலைமிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடே கிடைத்து விட்டது. ஆனால், ஊருக்குள் வந்து பார்த்தால்தான் தெரியும், இங்கே பையன்களுக்கு உயிர் ஹாக்கி. 2022ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் எங்கள் ஊர்ப் பிள்ளை. விடிகாலை ஐந்தரை மணிக்குத் தெருவில் சைக்கிள் மணி கேட்டால், பால்காரரா ஹாக்கிப் பையனா என்று எட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். என் மகனும் பள்ளி டீமில் கோல் கீப்பராக இருந்தவன். அதனால்தான் இந்தக் கதை முழுவதும் என் கண்முன்னே நடந்தது.

பையனின் பெயரையும் பள்ளியின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. அவன் அம்மா கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

ஓடி விழுந்த பிள்ளை

அவள் எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை. கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மூத்தவன் ஆண், இளையவள் பெண். மூத்தவன் நடக்க ஆரம்பித்ததே ஒன்றரை வயசு தாண்டித்தான். 'ஆம்பளைப் பிள்ளை சோம்பேறிதான், மெதுவா நடப்பான்' என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். நாலு வயசில் ஓடினால் விழுவான். மாடிப்படி ஏறச் சொன்னால் கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து ஏறுவான். தரையில் உட்கார்ந்தால், முதலில் குப்புறக் கவிழ்ந்து, கையைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலிலும் தொடையிலும் கையை வைத்துத் தன் உடம்பின் மேல் தானே ஏறுவது போல எழுந்திருப்பான். கெண்டைக்கால் மட்டும் பயில்வான் மாதிரி பருத்திருக்கும். 'நல்ல வலு' என்று அதைத் தட்டிக் கொடுத்தவர்களும் உண்டு.

நடுவில் ஒரு காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்தபோது எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் ஏகத்துக்குக் கூடியிருந்தன. 'கல்லீரல் கோளாறு, மஞ்சள் காமாலை' என்று ஒரு வருஷம் கீழாநெல்லியும் பத்தியச் சோறுமாகக் கழிந்தது. அந்த இரண்டு பொருட்களும் கல்லீரலில் மட்டும் இருப்பவை அல்ல, தசையிலும் இருப்பவை, தசை சிதைந்தாலும் ரத்தத்தில் கூடும் என்பது பிறகுதான் தெரிய வந்தது. மதுரையில் ஒரு குழந்தை டாக்டர் பையனைத் தரையில் உட்காரச் சொல்லி, எழுந்திருக்கச் சொல்லி, அதைப் பார்த்த மாத்திரத்தில் 'சி.பி.கே.' என்ற தசைப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அளவு பல மடங்கு கூடியிருந்தது. அதன் பிறகு மரபணுப் பரிசோதனை. வியாதியின் பெயர் டூஷேன் தசைச்சிதைவு. அப்போது அவனுக்கு வயது 7.

இது என்ன வியாதி?

1860களில் இதை விரிவாக எழுதிய டூஷேன் என்ற பிரெஞ்சு டாக்டரின் பெயரால் அழைக்கப்படுகிறது. ஆண் குழந்தைகளில் சுமார் 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் வருகிறது. நம் தசைநார்கள் சுருங்கி விரியும்போது அறுந்து போகாமல் முட்டுக்கொடுக்கிற 'டிஸ்ட்ரோஃபின்' என்ற ஒரு புரதம் உண்டு. 1987ஆம் ஆண்டு அது கண்டறியப்பட்டது. இந்தப் பிள்ளைகளின் உடம்பில் அது உண்டாவதே இல்லை. அதனால் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, அந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துக்கொள்கின்றன. கெண்டைக்கால் பருப்பதன் ரகசியம் அதுதான்.

முதலில் இடுப்பும் காலும் பலம் இழக்கும். பெரும்பாலான பிள்ளைகள் 12 வயதை ஒட்டி நடையை நிறுத்தி விடுகிறார்கள். கைகளின் பலம் அதற்கப்புறமும் பல வருஷம் நிற்கும். வாலிப வயதில் இருதயத்தையும் மூச்சையும் கவனிக்க வேண்டி வரும். புத்தி பெரும்பாலோருக்குத் தெளிவாகவே இருக்கும். சில பிள்ளைகளுக்குப் படிப்பில் கொஞ்சம் கூடுதல் உதவி தேவைப்படும்.

முழுக்கக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால், 'ஒன்றும் செய்வதற்கில்லை' என்பது பெரிய பொய். டாக்டர் சொல்லும் ஸ்டீராய்டு மாத்திரை நடையைச் சில வருஷம் கூட நீட்டிக் கொடுக்கிறது. தினமும் கணுக்காலை மெல்ல நீவி நீட்டும் பயிற்சி, இரவில் காலுக்கு அணைப்பு, வருஷா வருஷம் இருதயப் பரிசோதனை, பிற்காலத்தில் மூச்சுக்கு உதவும் இயந்திரம் என்று ஒழுங்காகக் கவனித்துக்கொண்டால், 20 வயதைத் தாண்டி, 30ஐயும் எட்டி வாழ்கிறவர்கள் இன்று இருக்கிறார்கள்.

'எல்லாம் ஒன் வழியில வந்தது'

வியாதியின் பெயர் தெரிந்த அன்றைக்கே வீட்டில் அடுத்த வியாதி ஆரம்பமாகி விட்டது. 'எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கெடையாது. எல்லாம் ஒன் வழியில வந்தது' என்றார் மாமியார். அவள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் தலை நிமிர்ந்து பார்த்து நான் அறியேன்.

இந்த இடத்தில் சகோதரிகள் நிதானமாகப் படிக்க வேண்டும். இந்தக் கோளாறு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் தாயிடமிருந்துதான் வரும். அதனால் தாய் வழி என்று பேச்சு வருகிறது. ஆனால், பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குத் தாயிடம் அந்தக் கோளாறே இருப்பதில்லை. கருவில் புதிதாக ஏற்பட்ட மாற்றம் அது. தாயிடம் இருந்தாலும், தனக்கு இருப்பதே அவளுக்குத் தெரியாது. கர்ப்பகாலத்தில் சாப்பிட்டதாலோ, கிரகணம் பார்த்ததாலோ, பாரம் தூக்கியதாலோ வருவதில்லை. நிறத்தைப் போல, மூக்கைப் போல அது தானாக இறங்கி வருவது. இதில் பழி யார் மேல்?

பழி பேசுவதை விட்டுவிட்டுச் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. தாய்க்கும் அவளுடைய சகோதரிகளுக்கும் மரபணுப் பரிசோதனை. கோளாறைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் சரிபாதி வாய்ப்பில் வியாதி வரலாம். ஒவ்வொரு பெண் குழந்தையும் சரிபாதி வாய்ப்பில் கோளாறைச் சுமக்கலாம். சுமக்கும் பெண்கள் தங்கள் இருதயத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது. இவளுடைய தங்கைக்கு அப்போது கல்யாணமாகி நாலு மாதம். 'அவ வாழ்க்கையையும் கெடுத்துராதீக' என்று வீட்டில் தடுத்தார்கள். இவள்தான் பிடிவாதமாக நின்று தங்கையை அழைத்துப் போனாள். தங்கையிடம் கோளாறு இல்லை என்று முடிவு வந்த அன்று, வருஷக்கணக்கில் சிரிக்காத முகம் சிரித்ததை நான் பார்த்தேன்.

மைதானத்து ஓரத்துப் பையன்

ஐந்தாம் வகுப்பு வரை தெருப் பள்ளிக்கூடத்தில் படித்தான். ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கு வந்தபோது தத்தித் தத்தித்தான் நடந்தான். அப்பா காலையில் லோடு ஆட்டோவில் கொண்டு வந்து இறக்குவார். ஆறாம் வகுப்பு மாடியில். தினமும் அப்பா தூக்கிக்கொண்டு ஏறுவார். இடையில் கழிப்பறைக்குப் போக முடியாது என்பதற்காகப் பையன் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டான். 'இந்த வருஷத்தோட நிறுத்திரலாம்னு இருக்கோங்க்கா' என்று அவள் என்னிடம் சொன்னாள்.

சாயந்திரம் அப்பா வரும் வரை பையன் மைதானத்து ஓரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பான். எதிரில் ஹாக்கிப் பயிற்சி நடக்கும். பந்து எல்லை தாண்டி வந்தால் கையால் தள்ளி விடுவான். ஒருநாள் கேப்டன் பையனுக்கும் நடுவருக்கும் தகராறு, அடித்தது எத்தனையாவது பெனால்டி கார்னர் என்று. வேப்பமரத்தடியிலிருந்து குரல் வந்தது: 'ஏழாவதுண்ணே. ஆறாவது அந்த பத்தாம் நம்பர் அண்ணன் வெளிய அடிச்சாரு.' அன்றைக்குத்தான் அப்படி ஒரு பையன் இருக்கிறான் என்பதே டீமுக்குத் தெரிந்தது.

விஷயம் பி.டி. சாருக்குப் போயிற்று. அவர் பையன்களை உட்கார வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னாராம். நெப்ராஸ்கா என்ற மாநிலத்தில் ஜாக் ஹாஃப்மன் என்று 7 வயதுச் சிறுவன், மூளையில் கட்டி. அவனோடு சிநேகமாகிவிட்ட பல்கலைக்கழகக் கால்பந்து அணி, 2013 ஏப்ரல் 6ந் தேதி நடந்த தங்கள் பயிற்சி ஆட்டத்தில் அவனுக்கும் உடுப்பு மாட்டி இறக்கி விட்டது. அந்த ஊர்க் கால்பந்தில் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம். சிறுவன் 69 கஜ தூரம் ஓடிக் கோட்டைத் தொட்டான். சுமார் 60,000 பேர் எழுந்து நின்று ஆரவாரம் செய்ய, இரு பக்கத்து ஆட்டக்காரர்களும் ஓடி வந்து அவனைத் தோளில் தூக்கினார்கள். அவன் பெயரில் அவனுடைய பெற்றோர் ஆரம்பித்த அறக்கட்டளை, குழந்தைகளுக்கு வரும் மூளைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பெரும் பணம் திரட்டியது. ஜாக் பிறகு பல வருஷம் இருந்து, உயர்நிலைப் பள்ளியில் தானே கால்பந்தும் ஆடி, 2025 ஜனவரியில் 19ஆம் வயதில் காலமானான்.

இதைக் கேட்டபின் பையன்கள் சும்மா இருப்பார்களா? 'நம்மளும் ஒரு மேட்ச் வைப்போம் சார்' என்று கிளம்பி விட்டார்கள்.

இடறிய இடம்

பக்கத்து ஊர்ப் பள்ளி டீமோடு ஒரு கண்காட்சி ஆட்டம். டிக்கெட் கிடையாது, வாசலில் ஓர் உண்டியல். பெண்கள் கோ-கோ டீம் பிள்ளைகள் கடைத்தெருவுக்குப் போய்ச் சொல்ல வேண்டியது, கைப்பந்து டீம் நாற்காலி, தண்ணீர் பார்க்க வேண்டியது. எல்லாம் ஜோராகத் திட்டமாயிற்று. ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் பள்ளி வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் போர்டு எழுந்தது. பையனின் படம். கீழே கொட்டை எழுத்தில்: 'உயிருக்குப் போராடும் பிஞ்சு! உதவிக்கரம் நீட்டுவீர்!'

அன்று ராத்திரி எட்டு மணிக்கு அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. 'யக்கா, எம் பிள்ளைக்குக் காலுதான் முடியல. வாசிக்கத் தெரியும்லா? வண்டியில வரும்போது பாத்துட்டான். யம்மா, நான் செத்துப் போயிருவனான்னு கேக்கான். நான் என்ன சொல்லட்டும்?'

எனக்கும் பதில் வரவில்லை. இருவருமாக மதுரை டாக்டருக்குப் போன் செய்தோம். அவர் சொன்னது இன்றைக்கும் எனக்குப் பாடம்: 'பொய் சொல்லாதீங்க. அவன் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேட்காததை அள்ளிக் கொட்டாதீங்க. பயமா இருக்கான்னு நீங்க திருப்பிக் கேளுங்க. பயத்தை வாய்விட்டுச் சொல்ற பிள்ளை தூங்கிரும்.' அவள் வீட்டுக்குப் போய், 'காலுல பலம் குறையுதுய்யா. இன்னும் கொஞ்ச நாள்ல வண்டியில உக்காந்து போக வேண்டியிருக்கும். ஒடம்ப பாத்துக்கிட டாக்டர் இருக்காக. நான் ஒங்கூடவே இருப்பேன். இப்ப நீ சாகப் போகல' என்று சொல்லியிருக்கிறாள். அவன் அம்மா மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டானாம்.

நான் என் மகனை அனுப்பிக் கேப்டனை வரச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பையன் முகம் செத்து விட்டது. 'நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா எழுதினோம்' என்றான். மறுவார்த்தை பேசாமல் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ராத்திரியிலேயே போர்டை இறக்கினான். விடிந்ததும் நேரே பையன் வீட்டுக்குப் போனான். கூடப் போன என் மகன் சொன்னது இது:

'தம்பி, போர்டுல தப்பா எழுதிட்டோம்டா. மன்னிச்சிரு. ஒரு வேலை இருக்கு. எங்களுக்கு ஸ்கோர் எழுத ஆள் இல்ல. நீ வர்றியா?'

பையன் ரொம்ப நேரம் பேசவில்லையாம். அப்புறம், 'ஒங்க ஸ்கோர் சீட்டுல பெனால்டி கார்னருக்குக் கட்டமே இல்லையேண்ணே. மொதல்ல அதப் போடணும்' என்றானாம்.

புதுப் போர்டில் படம் இல்லை. இரண்டு பள்ளிகளின் டீம் பெயர், நேரம், 'எங்கள் டீம் தோழனுக்காக ஆடுகிறோம்' என்று ஒரு வரி. அவ்வளவுதான். ஆட்டத்தன்று மேஜை போட்டு, டீம் பனியன் போட்டுக்கொண்டு, பையன் ஸ்கோர் எழுதினான். எங்கள் டீம் 2-3 என்று தோற்றுப்போனது. அதையும் அவன்தான் எழுதினான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு!

உண்டியல் பணம் போன வழி

உண்டியலில் 41,360 ரூபாய் சேர்ந்தது. பணம் வந்ததும் வேண்டாத ஆட்களும் வந்தார்கள். வெளியூர்த் தரகர் ஒருவர், 'ஸ்டெம் செல் வைத்தால் ஆறு மாசத்தில் ஓடுவான், அட்வான்சுக்கு இது போதும்' என்று அப்பாவின் மனசைக் கலைத்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகளின்படி, சில ரத்த சம்பந்தமான நோய்களைத் தவிர மற்றதற்கெல்லாம் ஸ்டெம் செல்லை முறையான ஆராய்ச்சிக்கு வெளியே, காசு வாங்கிக்கொண்டு சிகிச்சையாகக் கொடுப்பது கூடாது. டாக்டரைக் கேட்டதால் பணம் தப்பியது.

'அமெரிக்காவில் ஊசி வந்துவிட்டதாமே?' என்று கேட்டவர்களும் உண்டு. 2023ஆம் ஆண்டு அங்கே ஒரு மரபணு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது உண்மை. விலை 32 லட்சம் டாலர். அதுவும் வியாதியை அடியோடு போக்குவதில்லை. 2025ஆம் ஆண்டு அதைப் பெற்ற இரண்டு சிறுவர்கள் கல்லீரல் செயலிழந்து இறந்ததால் பலத்த எச்சரிக்கைகளும் வந்துவிட்டன. பேப்பரில் வரும் ஒவ்வோர் ஊசிக்கும் வீட்டை விற்க ஓடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பி.டி. சார், தலைமையாசிரியை, பையனின் அம்மா மூவருமாக உட்கார்ந்து பணத்துக்குத் திட்டம் போட்டார்கள். 'பிள்ளைக்கு இப்ப எது ரொம்பக் கஷ்டம்?' என்று தலைமையாசிரியை கேட்டபோது, அவள் மருந்து என்று சொல்லவில்லை. 'கக்கூஸ் டீச்சர்' என்றாள். கழிப்பறைக்குச் சாய்தளமும், சுவரில் கைப்பிடியும், மேல்நாட்டுப் பாணி இருக்கையும் போட்டார்கள். ஒரு ஆட்டக்காரனின் அப்பா கொத்தனார், கூலி வாங்கவில்லை. அடுத்து, காலுக்கு அளவெடுத்துச் செய்த அணைப்பு. மீதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரை போய் வரும் செலவுக்கு அம்மாவின் வங்கிக் கணக்கில். ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டது. காசே செலவாகாத காரியம் ஒன்று நடந்தது: ஆறாம் வகுப்பு மாடியிலிருந்து கீழே இறங்கி வந்தது! பையன் இப்போது தண்ணீர் குடிக்கிறான்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. பையன் எட்டாம் வகுப்பு. நடை போன வருஷம் நின்று போயிற்று. அரசு கொடுத்த சக்கர நாற்காலியில் வருகிறான். முறை வைத்து இரண்டு ஆட்டக்காரர்கள் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். பழைய கேப்டன் காலேஜுக்குப் போய்விட்டான், புதுக் கேப்டன் வந்துவிட்டான். ஸ்கோர் மட்டும் கை மாறவில்லை. வெளியூர் ஆட்டத்துக்கும் அவனுக்கு வேனில் இடம் உண்டு. சில நாள் எரிச்சலாக இருப்பான், ஒருவரிடமும் பேச மாட்டான். அதற்கும் டீம் பழகிவிட்டது. 'இன்னைக்கு ஸ்கோரர் கோபமா இருக்காருடா' என்று தள்ளி நிற்பார்கள். அடுத்த கோலுக்குச் சரியாகி விடும்.

உங்கள் ஊரில் செய்ய நினைத்தால்...

• முதலில் தாய் தகப்பனிடம், பிறகு பிள்ளையிடம் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் தன் படம் வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு.

• 'உயிருக்குப் போராடும்', 'பரிதாபச் சிறுவன்' போன்ற வார்த்தைகள் வேண்டாம். அந்தப் பிள்ளைக்கும் வாசிக்கத் தெரியும்.

• பணம் திரட்டும் முன் என்ன தேவை என்று கேளுங்கள். சாய்தளமும் வண்டிச் செலவும் பல சமயம் மருந்தை விட அவசரம்.

• பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். பெற்றோரின் வங்கிக் கணக்கில் போட்டு, ரசீதும் கணக்கும் எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள்.

• ஒருநாள் ஆரவாரத்தோடு முடித்து விடாதீர்கள். டீமில் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். அடுத்த வருஷமும் அந்த வேலை அவனுக்கே இருக்கட்டும்.

• வியாதிக்கு ஏற்ற எச்சரிக்கையை டாக்டரிடம் கேட்டுப் பி.டி. ஆசிரியருக்குச் சொல்லுங்கள். தசைச்சிதைவுப் பிள்ளையைக் 'கொஞ்சம் ஓடினால் பலம் வரும்' என்று விரட்டினால் தசை இன்னும் சிதையும்.

தாய்மார்கள் கவனிக்க

ஒன்றரை வயதாகியும் நடக்காத ஆண் குழந்தை, நாலு வயதிலும் அடிக்கடி விழுகிற குழந்தை, தொடையில் கை ஊன்றி எழுகிற குழந்தை, நுனிக்காலில் நடக்கிற குழந்தை, கெண்டைக்கால் மட்டும் பருத்த குழந்தை: இவர்களைக் குழந்தை டாக்டரிடம் காட்டி, 'சி.பி.கே. பார்க்கலாமா?' என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றுமிருக்காது. இருந்தால் சீக்கிரம் தெரிவது நல்லது. ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்கு அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, அது ஆபத்து. எடை கூடும் என்பதால் உப்பு, சர்க்கரை, பொரித்த பண்டம் குறையட்டும். பாலும் கீரையும் கேழ்வரகும் இருக்கட்டும். எந்த ஆபரேஷன் என்றாலும் மயக்க மருந்து டாக்டரிடம் வியாதியின் பெயரை முன்கூட்டியே சொல்லி விடுங்கள். சில மயக்க மருந்துகள் இவர்களுக்கு ஆகாது.

அரசாங்கத்தில் என்ன உண்டு?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் தசைச்சிதைவும் ஒன்று. ஹீமோஃபிலியா, தலசீமியா போன்ற ரத்த வியாதிகளும் அதில் உண்டு. அரசு மருத்துவமனையில் சான்று பெற்று, தனித்துவ அடையாள அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கும், சக்கர நாற்காலிக்கும் மனுக் கொடுக்கலாம். பள்ளியில் சாய்தளமும் ஏற்ற கழிப்பறையும் கேட்பது சலுகை அல்ல, சட்டப்படியான உரிமை. அபூர்வ நோய்களுக்கென்று மத்திய அரசு 2021ஆம் ஆண்டு ஒரு தேசியக் கொள்கை வகுத்தது. அதன்படி குறிப்பிட்ட நோய்களுக்கு, அறிவிக்கப்பட்ட சிறப்பு மருத்துவமனைகள் மூலம் ரூ. 50 லட்சம் வரை உதவி பெற 2022ஆம் ஆண்டு முதல் வழி உண்டு. உங்கள் பிள்ளையின் நோய் அந்தப் பட்டியலில் உள்ளதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சேலத்தில் வானவன் மாதேவி, இயலிசை வல்லபி என்று இரு சகோதரிகள். இருவருக்குமே தசைச்சிதைவு. நடக்க முடியாத நிலையிலும் 'ஆதவ்' என்ற அறக்கட்டளையை ஏற்படுத்தித் தங்களைப் போன்றவர்களுக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் கிடைக்கச் செய்தார்கள். வானவன் மாதேவி 2017ஆம் ஆண்டு மறைந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே நூறு பேருக்குத் துணையாக இருக்க முடியும் என்று இந்தப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்ல இவர்களை விட வேறு யார் வேண்டும்?

உங்கள் தெருவிலும் ஒரு வீடு இருக்கலாம். பெயர் தெரியாத வியாதி என்று தயங்கி நிற்காதீர்கள். டாக்டருக்குத் தெரிய வேண்டியது வியாதியின் பெயர். நமக்குத் தெரிய வேண்டியது பிள்ளையின் பெயர். இந்த வாரம் ஒருநாள் அந்த வாசலில் போய் நின்று, 'ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்குச் சின்னதை நான் பாத்துக்கிடுதேன், விட்டுட்டுப் போ' என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் மகனோ மகளோ பள்ளி டீமில் இருந்தால், 'ஒங்க டீம்ல ஸ்கோர் யாரு எழுதுறா?' என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.